அண்ணையின் பனங்கட்டி

நடிக்கச் சொல்லி என்னைக் கேட்டபோது எனக்கு அறுபது கடந்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கடைப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் ஒருவரை ஒருமுறை பார்த்தால் போதும், அவருடைய நடையும் கதைக்கிற விதமும் எனக்கு வந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை நல்லூரில் ரியூஷன் எடுப்பவள். சனி ஞாயிறுகளில் சிநேகிதர்களோடு சேர்ந்து யூடியூப்பில் பகிடி நாடகம் போடுவாள். வேலியடியில் நான் யாரையோ போலக் கதைத்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு வந்தாள்.

"மாமி, ஒரு கஞ்சக் கிழவன்ரை பாத்திரம் இருக்கு. செய்யிறியளோ?"

"வசனம் வாசிக்க எனக்குத் தெரியாதே பிள்ளை."

"வசனத்தை விடுங்கோ. உங்களுக்குத் தெரிஞ்ச கஞ்சன் ஒருத்தரும் இல்லையோ?"

இருந்தார். என் அண்ணை.

அண்ணை தேத்தண்ணியோடு பனங்கட்டி கடிப்பவர். ஒரு கடி கடித்ததும் மிச்சத்தைக் கடதாசியில் சுற்றி மடியில் செருகிவிடுவார். கலியாண வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் விட்டுப்போன வேட்டியைக் கட்டிக்கொண்டு, அண்ணையைப் போலவே தொண்டையை இரண்டு தரம் செருமி, அதை அப்படியே செய்தேன். கமரா பிடித்தவன் சிரித்த சிரிப்பில் படம் ஆடிப்போய்த் திரும்பவும் எடுத்தார்கள்.

நாடகம் வெளிவந்த கிழமை சுன்னாகம் சந்தைக்குப் போனேன். வெங்காயம் விற்கிறவள் என்னைக் கண்டதும் தொண்டையைச் செருமிக் காட்டினாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால், பிள்ளை வாசலில் நிற்கிறாள். புது நிகழ்ச்சி ஒன்று தொடங்குகிறார்களாம், அந்தக் கஞ்சக் கிழவன் வேசத்திலேயே ஊர் ஊராகப் போய் ஆட்களோடு கதைப்பது நான்தானாம், முதலில் பருத்தித்துறையாம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

பின்னேரம் அண்ணை ஆளனுப்பினார். யாரோ போனில் நாடகத்தைக் காட்டிவிட்டார்களாம்.

கணவர் காலமானபிறகு எனக்கு எல்லாமே அண்ணைதான். அவர் சொல்லை நான் மீறியதில்லை. அவர் வேண்டாம் என்றால் பருத்தித்துறை அவ்வளவுதான். அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் இருந்தேன். அண்ணையின் மனைவி, என் மச்சாள், தேத்தண்ணியையும் பனங்கட்டியையும் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டாள்.

"உவன் ஆரெண்டு எனக்குத் தெரியும்" என்றார் அண்ணை.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கிழக்கு ஒழுங்கையிலை இருக்கிற பென்சன்காரன்தானே?"

எனக்கு மூச்சு வந்தது. "அண்ணைக்குத் தெரியாததோ" என்றேன்.

"அச்சு அசலா உவன்தான். விழுந்து விழுந்து சிரிச்சனான். ஆனால் ஒரு பிழை விட்டிட்டாய். கடிச்ச உடனை சுத்தக்கூடாது, கடதாசியிலை ஒட்டிப்போடும். ஊதிக் காயவைச்சுப்போட்டுத்தான் சுத்தவேணும்."

சொல்லிக்கொண்டே தன் கையிலிருந்ததைக் கடித்தார், ஊதினார், சுற்றினார், மடியில் செருகினார். குசினிக்குள் மூடியொன்று விழுந்து உருண்டது.

"அப்ப நான் பருத்தித்துறைக்குப் போகட்டோ அண்ணை?"

அவர் இரண்டு தரம் செருமினார். "போயிட்டு வா. உவன்ரை ஆக்கள் சண்டைக்கு வந்தால், அண்ணை இருக்கிறார் எண்டு சொல்லு."

பருத்தித்துறையில் முதல் படப்பிடிப்பு ஒரு தேத்தண்ணிக் கடையில். இந்தமுறை நான் ஊதிவிட்டுத்தான் சுற்றினேன்.