தெவிநுவரவுக்கு அப்பால் ஓர் ஈரப்பலா மரம்

காலை ஆறரைக்குத் தெஹியோவிட்டவில் பஸ் ஏறினோம், நானும் அண்ணி கனகமும். கடலோர ஊர்களைப் பார்க்கப் போகிறோம் என்று எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் சொல்லியிருந்தோம். பொய்தான். ஆறு வருடத்துக்கு முன் கொழும்புக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத என் அண்ணன் சுந்தரத்தைத் தேடிப் போனோம். கருமாதியைச் செய்து முடியுங்கள் என்று தோட்டத்தில் எல்லாரும் வாய் வலிக்கச் சொல்லியாயிற்று. "செத்ததப் பாத்தவங்க வந்து சொல்லட்டும்" என்று அண்ணி பொட்டை அழிக்கவில்லை. தெவிநுவரவுக்கு அப்பால் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் நாலு வருடத்துக்கு முன் அவனைக் கண்டதாக மீன் லொறிக்காரர் ஒருவர் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இவ்வளவு தூரம்.

பகல் ஒரு மணிக்குக் காலி. கோட்டை மதிலில் வெள்ளைக்காரர்கள் வரிசையாகப் படம் எடுத்தார்கள். நல்ல அழகுதான், யார் இல்லையென்றது? அண்ணி எதையும் பார்க்கவில்லை. அன்றிரவு மாத்தறையில் தங்கினோம்.

மறுநாள் ஏழே காலுக்குத் தெவிநுவர. பழைய கோயிலின் கல்தூண்களையும் வெள்ளை வெளிச்சவீட்டையும் பார்த்தோம். அதற்குத் தெற்கே நிலமே இல்லையாம். அங்கிருந்து முச்சக்கர வண்டிக்கு அறுநூறு ரூபாய், ஐந்து கிலோமீற்றர். கிராமத்துக்குத் திரும்பும் முடக்கிலேயே சாரதி வண்டியை நிறுத்திவிட்டார்.

"உள்ள நான் வரல்லங்க. நடந்து போங்க," என்றார் சிங்களத்தில். ஏன் என்று கேட்டேன். "கடல் ஆளக் கொண்டுபோற ஊருங்க," என்று வண்டியைத் திருப்பினார்.

எட்டரை மணி வெயிலில் ஒரு மனிதரைக் காணோம். கதவுகள் பூட்டியிருந்தன. நாய்கள் படுத்தபடியே எங்களைப் பார்த்தன, ஒன்றும் குரைக்கவில்லை. பாறைக்கு அடியில் கடல் புகுந்து முனகியது, அந்த முனகல் உள்ளங்காலில் தெரிந்தது. திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி என் கையைப் பிடித்தாள்.

கடைசி வீட்டு வாசலில் ஓர் ஈரப்பலா மரம், கறிக்கு ஆகும் பலா. அதன் பட்டையில் சாய்வாகப் பால்வெட்டு. கீழே சிரட்டை கட்டி, பால் சொட்டிக்கொண்டிருந்தது. ரப்பரே இல்லாத கரையில் யார் இப்படி வெட்டுவார்? அதுவும் வலமிருந்து இடமாகச் சரியும் வெட்டு. நாங்கள் எல்லாரும் இடமிருந்து வலமாகத்தான் வெட்டுவோம். அண்ணனுக்கு இடதுகைப் பழக்கம், அதற்காகக் கங்காணியிடம் வாங்கிக் கட்டாத நாளில்லை.

"இன்னக்கி வெட்டுனது தம்பி. பால் இன்னும் நிக்கல. இருக்காரு, உயிரோட இருக்காரு."

அவள் சிரித்ததை ஆறு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன்.

கதவு திறந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கையில் பால் வெட்டும் கத்தி. யாரைத் தேடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாள். சுந்தரம் என்றேன்.

"என் வீட்டுக்காரர்," என்றாள். "கடலுக்குப் போய் மூணு வருசமாச்சு. ஏழு பேர் போன படகு. பலகை மட்டும் கரைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் ஊரே காலியாச்சு. இந்த வெட்டு அவர் பழக்கிவிட்டது. ஒரு நாள் விட்டாலும் பட்டை மூடிரும்னு சொல்லுவார். அதான் காலையில நானே வெட்டுறேன்." கத்தியைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் அவர் பேர்ல பிக்குமாருக்குத் தானம் குடுக்கல. குடுத்தா செத்துட்டார்னு ஆகிருமே," என்றாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். "அக்கே, நீங்க யாரு?"

அண்ணி மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நல்ல சிங்களத்தில், நிதானமாகச் சொன்னாள்.

"அவரு தங்கச்சி. கூடப் பொறந்தவ. நீங்க தானத்தக் குடுத்துருங்க நங்கி. ஊர்ல நாங்க எல்லாத்தையும் எப்பவோ செஞ்சு முடிச்சுட்டோம்."

அந்தப் பெண் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அண்ணி அழாமல் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பதினொரு மணிக்கு மாத்தறையில் காலி பஸ் ஏறினோம். வழியெல்லாம் கடல் இரைந்தது. எங்கள் மலையிலும் மழை நாளில் ஓடை இரையும், ஆனால் அது நம்மைக் கூப்பிடுவதுபோல் இருக்காது. ஜன்னலோரம் அண்ணிக்கு. வெலிகம தாண்டியதும், கடலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"தம்பி, ஊருக்குப் போனதும் கருமாதிக்கு நாள் பாருங்க. அவகிட்ட சொன்னது பொய்யாயிரக் கூடாது."