எட்டுக்கும் பத்துக்கும் நடுவில்

ஓகஸ்ட் விடுமுறையின் முதல் சனிக்கிழமை, விடிந்தும் விடியாமலும் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு நின்றேன். பெட்டிக்குள் என் பிழைப்பு முழுவதும் இருந்தது: இலக்க அட்டைகள், பாம்பும் ஏணியும், மரத்தில் வெட்டிய அரை, கால், அரைக்கால் வட்டங்கள். வெள்ளவத்தையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாலர் பாடசாலை நடத்துகிறேன். "விளையாட்டாப் படிப்பிக்கிற ரீச்சர்" என்று அங்கே எனக்குப் பெயர். அது புகழ்ச்சியா, பகிடியா என்று இன்றுவரை எனக்கு விளங்கியதில்லை.

போகவேண்டிய இடம் கிளிநொச்சி மாவட்டத்து உருத்திரபுரம். என் தம்பி குமரன் அந்த ஊரில் கலியாணம் முடித்து, அங்கேயே வயல் செய்கிறான். போன கிழமை அழாக்குறையாகப் போன் எடுத்தான். "அக்கா, ஒருக்கா வாங்கோ. மதுராவை யாழ்ப்பாணத்தில விடுதியில விட்டுப் படிப்பிக்கப் போறன் எண்டு சுகந்தி ஒற்றைக்காலில நிக்கிறா. பிள்ளை கணக்கில மொக்காம். நீங்கள் வந்து பாத்து ஒரு முடிவு சொல்லுங்கோ. உங்கட சொல்லை அவா தட்டமாட்டா." அவன் மகள் மதுராவுக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. ஒன்பது வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனாலும் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

ரயிலில் என் பக்கத்தில் வவுனியாவில் இறங்கவேண்டிய ஓர் அம்மா இருந்தார். அனுராதபுரம் தாண்டியதும் பெட்டியைப் பார்த்து, "உள்ளுக்கை என்ன பிள்ளை?" என்றார். விளையாட்டுச் சாமான், பிள்ளைகளுக்குப் படிப்பிக்க என்றேன். "விளையாடினா எப்பிடிப் படிக்கிறது? படிச்சா எப்பிடி விளையாடுறது? எனக்கெண்டா விளங்கேல்லை" என்றார். பதினைந்து வருடமாகப் பெற்றோர் கூட்டங்களில் மூச்சுவிடாமல் பேசுகிறவள் நான். அந்த நேரம் பார்த்துப் பெட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். வவுனியாவில் இறங்கும்போது ஒரு சுருள் கச்சான் கடலையை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

கிளிநொச்சியில் இறங்க மதியம் தாண்டிவிட்டது. சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. உருத்திரபுரம் அங்கிருந்து ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர். ஓட்டோக்காரர் ஆயிரம் ரூபாய் கேட்டார். ஏறி உட்கார்ந்ததும் அடுத்த கேள்வி: "எத்தினையாம் வாய்க்கால் அக்கா?"

அந்தப் பக்கம் தெருவுக்குப் பெயர் சொல்வது குறைவு. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போகும் வாய்க்கால்களுக்கு இலக்கம் உண்டு. அந்த இலக்கமே இடத்தின் பெயர். தம்பி சொன்னதில் எட்டு என்ற சொல் காதில் நின்றது. "எட்டு" என்றேன். எட்டாம் வாய்க்காலடியில் இறக்கிவிட்டார். அங்கே தம்பியும் இல்லை, வீடும் இல்லை. போன் எடுத்தால், "எட்டில பஸ் நிக்கும் எண்டெல்லோ சொன்னனான்! வீடு பத்தில!" என்று கத்துகிறான். நல்ல காலம், ஓட்டோக்காரர் இன்னும் போகவில்லை.

"எட்டுக்கு அங்கால பத்து. ஏறுங்கோ" என்றார்.

"அப்ப ஒன்பது?"

"ஒன்பதோ? அது உள்ளுக்கை எங்கையோ கிடக்கும். ஒன்பதில இறக்கு எண்டு என்னை ஒருத்தரும் கேட்டதில்லை."

கொஞ்சத் தூரம் போக ஒரு மதகு வந்தது. பெடியன்கள் அதன் மேல் நின்று தண்ணீருக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டோ அதில் ஏறி விழுந்த வேகத்தில் என் பெட்டி சரிந்து வலது கால் பெருவிரலில் விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், அந்த மதகை நான் மறந்திருக்கக் கூடாது.

தம்பி வீட்டில் ஒடியல் கூழும் மீன்பொரியலும் காத்திருந்தன. தம்பியின் மனைவி சுகந்தியும் நானும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுசி, ஆனால் நினைத்ததை முடிப்பவள். நான் கை கழுவ முதலே மகளின் தவணைப் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கேள்வி: ஏக்கருக்கு ஐந்து புசல் விதைநெல் தேவையெனில் நான்கு ஏக்கருக்கு எத்தனை புசல் தேவை? மதுரா எழுதியிருந்த விடை: 'ஏக்கருக்கு ஐந்து கூடிப்போச்சு. இரண்டரை காணும்.' ரீச்சர் சிவப்பால் பெரிய முட்டை போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சாளின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

மாலையில் விறாந்தையில் பாய் விரித்துப் பெட்டியைத் திறந்தேன். மெலிந்த பிள்ளை, பெரிய கண். பாய் நுனியில் குந்திக்கொண்டு ஒவ்வொன்றையும் தொடாமல் பார்த்தாள்.

"விளையாடுவமோ?" என்றேன்.

"இதுக்கு எத்தினை மாக்ஸ் மாமி?"

"மாக்ஸ் இல்லையம்மா. இது விளையாட்டு."

அவள் நம்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள். சரி, சுலபமான ஒன்றில் தொடங்குவோம் என்று எட்டாம் இலக்க அட்டையையும் பத்தாம் இலக்க அட்டையையும் வைத்து, நடுவில் இடம் விட்டேன். என் பாலர் பாடசாலைக் குஞ்சுகள்கூடச் சொல்லிவிடுவார்கள். "எட்டுக்கும் பத்துக்கும் நடுவில என்ன இருக்கு?" என்று கேட்டேன். மதுரா அட்டைகளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், நன்றாக யோசித்தாள்.

"மதகு" என்றாள்.

ஐயோ கடவுளே! மச்சாள் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "பாத்தியளோ மச்சாள்? இதுதான் நான் தினமும் படுற பாடு" என்று உள்ளே போய்விட்டாள். தம்பி என்னைப் பார்த்தான், நான் பெட்டியைப் பார்த்தேன். பிள்ளைக்கு ஏதும் குறையோ, டொக்டரிடம் காட்ட வேண்டுமோ, என்ன கோதாரியோ என்று மண்டைக்குள் ஓடியது. அன்றிரவு எனக்குச் சரியான நித்திரை இல்லை.

ஞாயிறு காலை வெயிலேற முன்னம் காலாற நடந்தேன். மதகில் வந்து உட்கார்ந்தேன். கால்விரல் விண் விண்ணென்று வலித்தது. நேற்று எங்கே அடிபட்டது என்று யோசித்தேன். இங்கேதான். இது எட்டாம் வாய்க்காலுக்கும் பத்தாம் வாய்க்காலுக்கும் நடுவில். அட விசரி! பிள்ளை பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. என்ன இருக்கு என்று கேட்டேன், இருப்பதைச் சொன்னாள். அவளுக்கு எட்டு என்றால் பஸ் நிற்கும் இடம், பத்து என்றால் வீடு. என் மனம் துள்ளியது. விந்தி விந்தி வீட்டுக்கு ஓடினேன்.

மச்சாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "மச்சாள், பிள்ளை கெட்டிக்காரி! அவள் சொன்னது உங்கட மதகை!" என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "அது எனக்கு அப்பவே விளங்கினது" என்றாள். "எனக்கு விளங்காமல் ஆருக்கு விளங்கும்? அந்த மதகிலதான் நானும் நீந்தப் பழகினனான். விதைநெல்லும் இரண்டரை காணும், அதுவும் சரி. ஆனா மதகுக்குச் சோதினையில மாக்ஸ் போடுவினமோ?"

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது எண்டு..." என்று தொடங்கினேன்.

"சோதினைக்கு ஏட்டுச் சுரைக்காய்தானே மச்சாள் வேணும்! நான் இந்த வாய்க்காலோட நிண்டு போட்டன். எனக்குப் பத்துக்கு அங்கால ஒண்டும் தெரியாது. அவளும் நிக்கோணுமோ?" துருவுவதை நிறுத்தினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கட மகனை எத்தினை ரியூசனுக்கு விடுறியள்?"

"மூண்டு" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"உங்கட கையில இவ்வளவு விளையாட்டுச் சாமான் இருந்தும் மூண்டு. என்னட்டை ஒண்டும் இல்லை. அப்ப நான் என்ன செய்ய?"

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. பிள்ளை சொன்னதும் சரி, தாய் சொன்னதும் சரி. இரண்டும் சரியென்றால் யாரை எங்கே விடுவது? தேங்காய்ப் பாதியை வாங்கி நானும் துருவத் தொடங்கினேன். அது ஒன்றுதான் அப்போது எனக்குத் தெரிந்த வேலை.

பின்னேரம் அறுவடை முடிந்த வயலில் பிள்ளைகள் கிளித்தட்டு மறித்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நிலத்தில் நீளமாய்ப் பெட்டிகள், அதாவது தட்டுகள், கீறி, ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஓர் ஆள் காவல் நிற்பார். நடுக்கோட்டில் ஓடி எல்லாரையும் கையால் தொட்டு அடிக்க வருபவர் கிளி. அடிபடாமல் கடைசிக் கோட்டைத் தாண்டித் திரும்புகிறவர் பழம். போய்க்கொண்டிருப்பவர் காய். என்னையும் இழுத்துவிட்டார்கள். முதல் பெட்டியிலேயே அகப்பட்டேன். என்னை அடித்த கிளி வேறு யாருமில்லை, மதுராதான். பாய் நுனியில் கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்த பிள்ளையா இது! "இடது பக்கம் விடு, ரெண்டு பேர் உள்ளுக்கை, மூண்டு பேர் வெளியில, ஒண்டு பழம்!" என்று கத்திக் கத்தித் தன் ஆட்களை நிறுத்தினாள்.

திடீரென்று வேலிப் பக்கமிருந்து ஒரு குரல். "எடியேய்! காயை விட்டிட்டுப் பழத்தை மறியடி!" மச்சாள். சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே வெட்கம் வந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்து எதிர்ப்பக்கத்தின் கடைசிக் கோட்டுக் காவலுக்குச் சேர்த்தார்கள். மதுராவின் பக்கம் உள்ளே போகும் முறை வந்தது. கடைசிக் கோட்டில் தாயும் மகளும் நேருக்கு நேர். மகள் வலப்பக்கம் பாய்வது போல் காட்டி இடப்பக்கத்தால் வழுக்கிப் போனாள். மச்சாள் தடுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே சிரித்தாள். நான் அவள் அப்படிச் சிரித்து ஒருநாளும் பார்த்ததில்லை.

இருட்ட முன்னம் கிணற்றடியில் கால் கழுவும்போது அவளாகவே சொன்னாள்: "இந்த வருசம் இங்கை நிக்கட்டும். அடுத்த வருசத்தை அப்ப பாப்பம். ஆனா ஒண்டு மச்சாள். சோதினையில கேக்கிறது வேறை, ஊரில கேக்கிறது வேறை எண்டு அவளுக்கு நீங்கள்தான் விளங்கப்படுத்தோணும். எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

எனக்கு மட்டும் தெரியுமா? மதுராவைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். கோடுகள் இன்னும் அழியாமல் கிடந்தன. "இதுக்குள்ள நிண்டா கோட்டைப் பாக்கோணும், என்ன?" என்றேன். ஓம் என்றாள். "வெளியில வந்தா?" "வெளியில கோடு இல்லைத்தானே மாமி." "சோதினையும் ஒரு தட்டு. அதுக்குள்ள மட்டும் சோதினை வைக்கிறவையின்ர கோடு." அவள் கால்விரலால் ஒரு கோட்டைத் தடவினாள். விளங்கியதா, விளங்கவில்லையா, நான் சொன்னதே சரியா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளைக்குப் படிப்பித்தேனா, அவளிடமிருந்து எதையாவது பறித்தேனா என்றுகூடக் குழம்பினேன்.

திங்கள் காலை கிளிநொச்சி நிலையத்துக்கு மூவரும் வந்தார்கள். பெட்டியை மதுராவுக்கென்று தம்பி வீட்டிலேயே விட்டுவிட்டேன். ரயில் வரும் சத்தம் கேட்டதும் மதுரா என் கையை இழுத்துக் காதுக்குள் சொன்னாள்: "மாமி, சோதினையில கேட்டா ஒன்பது. நீங்கள் கேட்டா மதகு. சரியோ?"

"சரி" என்றேன். வவுனியா வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வீடு நாற்பத்திரண்டாம் லேனில். வாய்க்கால் இல்லையே தவிர, எங்களுக்கும் இலக்கம்தான் ஊர். இத்தனை வருடம் இருந்தும் அதை அன்று வீட்டுப் படியேறும்போதுதான் நினைத்தேன். என் மகன் ஆதவன், பதினொரு வயது, மாலை ரியூசனுக்குக் கொப்பி அடுக்கிக்கொண்டிருந்தான். முப்பத்தேழாம் லேனில் ரியூசன். தினமும் நடந்துதான் போவான்.

"ஆதவன், முப்பத்தேழுக்கும் நாப்பத்திரண்டுக்கும் நடுவில என்ன இருக்கு?"

அவன் தலை நிமிரவில்லை. "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாப்பது, நாப்பத்தொண்டு."

அத்தனையும் சரி. ஒரு பிழையும் இல்லை. நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். வழியில் பூக்கடை இருக்கிறது, கொத்துரொட்டிக் கடை இருக்கிறது, இவனைக் கண்டால் வாலாட்டும் ஒரு கறுத்த நாய் இருக்கிறது.

"ஏனம்மா? பிழையோ?"

"இல்லை, சரி. கொப்பியை வை. செருப்பைப் போடு, நடந்திட்டு வருவம்."

"அப்ப ரியூசன்?"

"இண்டைக்கு வேண்டாம்."

"என்ன பாக்கப் போறம்?"

"எனக்கும் தெரியேல்லை" என்றேன். "நீதான் காட்டோணும்."