பெயர் சொல்லாத வீடு

எங்கள் நைனாவை நாங்கள் ஒரு முறை எரித்துவிட்டோம். இப்போது அவர் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டும் உண்மை. எரிக்கச் சொன்னவள் நான்தான் என்பதால் எழுதவேண்டிய கடமையும் எனக்குத்தான்.

புத்தூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு, அதை ஒட்டி வீடு. எனக்குப் பதினைந்து வயதானபோது தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்தான். அதற்கு நேர்ந்துகொண்ட முடியைக் கொடுக்கப் புரட்டாசி மாதம் நாலு பேரும் திருமலைக்குப் போனோம். நைனா மொட்டை போடப் போனார். அம்மா மண்டபத்து வாசலில் நின்றாள். நானும் தம்பியும் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தோம்.

மொட்டை அடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வருகிறவர்களுக்கெல்லாம் பின்னந்தலை ஒன்றுதான். அந்தக் கூட்டத்திலும் அம்மா நைனாவின் முதுகை அடையாளம் கண்டுகொண்டாள். அவர் வாசல் மாறி வெளியே வந்து, எங்களைத் தேடி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். அம்மா "இந்தாங்க" என்று கத்தினாள். நாலைந்து மொட்டைத் தலைகள் திரும்பின. நைனா திரும்பவில்லை. இன்னொரு முறை "இந்தாங்க". வேறு நாலைந்து பேர் திரும்பினார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். அம்மா சொல்லமாட்டாள். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தாலியோடு கட்டிவிடுகிற நம்பிக்கை. நைனாவுக்கு ஒரு சாமியின் பெயர். அதனால் அம்மா அந்தச் சாமியையும் பெயர் சொல்லிக் கும்பிடமாட்டாள், "அந்தச் சாமி" என்றுதான் சொல்வாள். சாமிக்கே இந்தக் கதி என்று நைனா அவளைக் கிண்டல் செய்வார். அன்றைக்கு அவள் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் தேடி, என்னைத் தேடி ஓடிவந்தாள். என்னை இழுத்துக்கொண்டு திரும்பிப் போவதற்குள் அந்த முதுகு இல்லை.

மைக்கில் அறிவிக்கும் இடத்தில் "பேரு செப்பம்மா" என்று தெலுங்கில் பெயர் கேட்டபோதும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைக் காட்டினாள். நான்தான் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் மைக் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் வரவில்லை.

பிறகு பன்னிரண்டு வருஷம். போலீஸ், ஜோசியம், பலமனேர் சந்தையில் பார்த்தேன் என்று வந்த புரளி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. அம்மா சொல்லமாட்டாள், எங்களுக்கு அவர் நைனா. அம்மா மட்டும் தினம் காலையில் குளித்துக் குங்குமம் வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. திருப்பதியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், வயது இருபத்தேழு. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒரே கேள்வி: பெண்ணின் அப்பா இருக்கிறாரா, இல்லையா? இருந்தால் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்கட்டும், இல்லையென்றால் சித்தப்பாவோ மாமாவோ வார்க்கட்டும். இரண்டுங்கெட்டானாக இருந்தால் எப்படி? அம்மா வழக்கம்போல "இருக்காரு" என்றாள். அவர்கள் காபியைக் குடிக்காமல் எழுந்தார்கள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பேசக்கூடாததைப் பேசினேன். "இருக்காரு இருக்காருன்னு சொல்லிக்கினே இரு. எனக்குத் தல நரைக்கட்டும். எங்க இருக்காரு, காட்டு! இல்லன்னா காரியத்தப் பண்ணி முடி!" மறுநாள் அம்மா தம்பியைக் கூப்பிட்டு, "ஐயர வரச்சொல்லு. உங்க அக்கா சொல்றதச் செஞ்சிடலாம்" என்றாள்.

திருப்பதியிலிருந்து வந்த புரோகிதர் தெலுங்கர், நல்ல மனிதர். காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கவேண்டும், பிறகு தர்ப்பையில் ஒரு உடம்பு செய்து அதற்கு எல்லாம் செய்யவேண்டும் என்று சொன்னார். செய்யாவிட்டால் அந்த உயிர் இங்கேயும் இல்லாமல் பித்ருக்களிடமும் போகாமல் நடுவில் நிற்குமாம். தோப்போரம் வாழை இலையில் அந்த உடம்பைக் கட்டினார். எலும்புக்குத் தர்ப்பை, அதன்மேல் புரச இலை, தலைக்கு ஒரு தேங்காய். அம்மா உள்ளே போய் நைனாவின் துண்டைக் கொண்டுவந்து அதன்மேல் போர்த்தினாள். அதுவரைக்கும் பொம்மையாக இருந்தது, துண்டு போட்டதும் என்னால் பார்க்க முடியவில்லை.

"இப்போ தெற்குப் பாத்து நில்லுப்பா. பேர் சொல்லி மூணு வாட்டி கூப்பிடு. இந்த உடம்புக்கு வந்து சேருங்கன்னு சொல்லு" என்றார் புரோகிதர். நல்ல வெயில். தம்பி கூப்பிட்டான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் எங்கள் தோப்பில் கேட்டது. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மூன்றாவது தரம் கூப்பிட்டதும் காற்று நின்றுபோனது. அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

நெருப்பு நன்றாகப் பிடித்தது. தர்ப்பையும் இலையும் துண்டும் சாம்பலாயின. தேங்காய் வெடிக்கவில்லை. கபாலம் வெடித்தால்தான் உயிர் விடுபட்டது என்று கணக்கு. புரோகிதர் குச்சியால் இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். "பச்சைக் காய் போலிருக்கு. பர்வாலேது, பரவாயில்ல" என்றார், ஆனால் அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மறுநாள் சாம்பல் அள்ளப் போனபோது அது கருகி, முழுசாக, கண் மூன்றும் மேலே தெரிய உட்கார்ந்திருந்தது.

பத்தாம் நாள் அம்மா தாலியைக் கழற்றினாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் திதி. மாதா மாதம் அம்மா சமைத்து, மதில்மேல் இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைப்பாள். முதல் இரண்டு மாதம் காக்கை வந்தது. மூன்றாவது அமாவாசையன்று வரவில்லை. எங்கள் தோப்பில் காக்கைக்குப் பஞ்சமில்லை. அம்மா தொண்டை கட்டும்வரை கா கா என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே போனாள். நான் அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை. பின்வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். ஒரு போன் பேசி முடித்து நிமிர்ந்தால் மதில்மேல் இலை இல்லை.

எழுந்து போய் மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். முருங்கை மரத்தடியில் ஒரு ஆள் தெற்குப் பார்த்துக் குந்தியிருந்தார். தோள்வரை முடி, வெள்ளைத் தாடி. மடியில் அந்த இலை. முதல் பிடி சோற்றை எடுத்து எறும்புக்கென்று தரையில் வைத்தார். பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தார்.

எங்கள் நைனா அப்படித்தான் சாப்பிடுவார். வேறு யாரும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம். மதிலைப் பிடித்துக்கொண்டேன். "நைனா" என்றேன். அவர் திரும்பவில்லை. தம்பி ஓடிவந்து அவர் முன்னால் மண்டிபோட்டு "நைனா, நைனா" என்று அழுதான். அவர் அவனைத் தாண்டித் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பின்வாசலில் வந்து நின்று "இந்தாங்க" என்றாள், அதற்கும் அவர் திரும்பவில்லை. எங்கிருந்து வந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்று கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்தான்.

"கூப்ட்டாங்க. மூணு வாட்டி கூப்ட்டாங்க. வந்துக்கினே இருக்கேன்."

திருப்பதியில் டாக்டரிடம் காட்டினோம். தலைமுடிக்குள் ஒரு பழைய காயத்தழும்பு இருந்தது. எங்கோ விழுந்திருக்கிறார், நினைவு தப்பியிருக்கிறது என்றார். பி.பி. பார்த்தார், ரத்தம் எடுத்தார். செத்தவருக்குச் சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது என்று நான் சொன்னதும் தம்பி அடக்கமுடியாமல் சிரித்துவிட்டான். வீட்டுக்கு வந்தபிறகு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அவர் நிலைப்படி தாண்டமாட்டார். கையைப் பிடித்து இழுத்தால் வருவார், விட்டதும் போய் முருங்கை மரத்தடியில் தெற்குப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். தட்டில் போட்டுக் கொடுத்தால் தொடமாட்டார். மதில்மேல் வைத்துக் கா கா என்று கூப்பிட்டால், காக்கை கொத்திப் போனபிறகு மிச்சத்தை எடுத்துச் சாப்பிடுவார். யாரும் அவருக்கு இதையெல்லாம் சொல்லித் தரவில்லை. நாங்கள் அவரை என்னவாக ஆக்கினோமோ அதுவாகவே அவர் இருந்தார். ஊர்ப் பெண்கள் அந்த மதில் வழியைவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு அத்தை என் காதோடு, "அது உங்க நைனா இல்ல கண்ணு. சோறு வச்சிக் கூப்ட்டீங்க இல்ல, அதான் வந்துக்கீது" என்றாள். அவளை வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன். ராத்திரி வந்ததும் பின்வாசல் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் போட்டவள் நான்தான்.

மாப்பிள்ளை வீட்டார் தகவல் கேட்டு வரவேயில்லை. போகட்டும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அவர் ஒரு தடவையாவது என்னைத் திரும்பிப் பார்க்கவேண்டும்.

புரோகிதரை மறுபடியும் வரவழைத்தோம். நைனாவைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு, "இதுக்கும் சாஸ்திரத்துல வழி இருக்கும்மா. காரியம் ஆனவர் திரும்பி வந்தா, மறுபடியும் பிறக்கணும்" என்றார். நெய் விட்ட தண்ணீரில் உட்காரவைத்து எடுக்கவேண்டும், தேன் தொட்டு நாக்கில் வைக்கவேண்டும், காதில் பெயர் சொல்லவேண்டும், பெண்டாட்டிக்கு மறுபடியும் தாலி கட்டவேண்டும். பிறந்த குழந்தைக்கு என்னென்ன உண்டோ அத்தனையும்.

மாங்காய் ஊறவைக்கும் பெரிய அண்டாவைத் தோப்பில் வைத்தோம். எரித்த இடத்துக்குப் பத்தடி தள்ளி. புரோகிதர் சொன்னபடி நைனா உள்ளே இறங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்தார். முடியையும் தாடியையும் மழித்திருந்தோம். மேலே வெள்ளைத் துணியால் மூடினார்கள். புரோகிதர் மந்திரம் சொல்லி முடிக்கும்வரை துணிக்கடியில் ஓர் அசைவும் இல்லை. மூச்சு விடுகிறாரா என்று பார்க்கப் போன என்னைத் தம்பி பிடித்து நிறுத்தினான். துணியை எடுத்துத் தூக்கினபோது அந்த மொட்டைத் தலையில் நெய் வழிந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய சந்தனத் தலை எனக்கு ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்கும்.

தேன் வைத்தார்கள். விழுங்கினார். கண் தெற்கேதான் இருந்தது.

"இப்போ வலது காதில் பேர் சொல்லணும். பெத்தவங்க சொல்லணும், அவங்க இல்ல. பையன் வேண்டாம், அன்னிக்கு நெருப்புக்குக் கூப்பிட்ட வாய். பொண்ணு சொல்லட்டும்" என்றார் புரோகிதர்.

நான் முன்னால் போனேன். எரிக்கச் சொன்ன வாயால் என்னவென்று கூப்பிடுவது? குனிந்து வாயைத் திறந்தேன். யாரோ என் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"நவுரு" என்றாள் அம்மா.

அவள் அவர் காதோடு குனிந்தாள். அவள் வாய் மூன்று முறை திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. பிறகு நைனாவின் பெயரைச் சொன்னாள். காதில் சொல்லச் சொன்னதை அவள் கத்தினாள். மண்டபத்து வாசலில் நின்று கத்துவதுபோல, நடுவில் ஆயிரம் பேர் இருப்பதுபோல, தோப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

நைனா திரும்பினார். தெற்கிலிருந்து மெதுவாகத் தலையைத் திருப்பி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கமே போய்ட்ட நீ? உன்னத் தேடிக்கினே இருக்கேன்" என்றார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்கே கூப்ட்டிருக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு வருஷ அழுகையையும் அன்றைக்குத்தான் அழுதாள். அந்த நனைந்த கையாலேயே நைனா அவளுக்கு மஞ்சள் கயிறு கட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாமா இப்டி இளைச்சிட்ட, துன்றதில்லையா?" என்றார். நான் அந்த வெள்ளைத் துணியை எடுத்து அவர் தலையில் வழிந்த நெய்யைத் துடைத்தேன்.

இப்போது அவர் நிலைப்படி தாண்டுகிறார், தட்டில் சாப்பிடுகிறார், முதல் பிடி இன்னமும் எறும்புக்குத்தான். அம்மா வாய் ஓயாமல் அவர் பெயரைச் சொல்கிறாள். மாடு அவிழ்ந்துவிட்டால், தோசை ஆறினால், ஒன்றுமே இல்லாவிட்டாலும் கூப்பிடுகிறாள். ஊர்ப் பெண்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவை அவள் கூப்பிடும்போதும் என் கையும் காதுக்குப் போகிறது.

சில சமயம் உடனே பதில் வராது. அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நிற்பாள். நான் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிடுவேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளமாட்டோம். பிறகு முருங்கை மரத்துப் பக்கத்திலிருந்து, "ஆங், வந்துக்கினே இருக்கேன்" என்று குரல் வரும்.