எந்தத் தெரு என்று கேட்காத ரயில்

நேற்றுக் காலை ரயிலில் என் எதிரே வந்து உட்கார்ந்த ஆள், என் முகத்தை நாலைந்து தடவை உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க தமிழா?" என்று கேட்டார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் மனைவி, மடியில் ஒரு பெரிய பையோடு. பேச்சைக் கேட்டதுமே மதுரைப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. நான் அவரை நேராகப் பார்த்து, "நோன் கபிஸ்கோ" என்றேன். எனக்குப் புரியவில்லை என்பதை இத்தாலியர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அவர் விடவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு "மதுரை, மதுரை" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "விடுங்க, இவுக வேற யாரோ" என்றார் மனைவி. அதன்பிறகு ரோம் வரைக்கும் அவர்கள் பேசிக்கொண்டதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே வந்தேன். வெண்டைக்காய் கிடைக்காதது, வேலை செய்யும் வீட்டு அம்மாளின் நாய், ஊரில் மச்சினிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் காது. அந்தக் காதைப் பற்றி அவர் மனைவி சொன்னதற்கு எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். நான் யாரோடும் தமிழில் பேசி ஆறேழு மாதம் ஆகிறது.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் என்னைத் திமிர் பிடித்தவன் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நான் குடியிருப்பது சிவித்தாவெக்கியா என்ற துறைமுக ஊரில். உல்லாசப் பயணிகளின் பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் இடம். அங்கிருந்து கடலை ஒட்டியே ஓடி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் எடுத்து ரோமுக்குப் போகும் லோக்கல் ரயிலில், தினமும் ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். இங்கே வந்த நம் ஆட்கள் எல்லோரும் ஒரே புலம்பல் புலம்புகிறார்கள்: ரயிலில் பக்கத்தில் இருப்பவன் முகம் கொடுத்துப் பேசமாட்டான், எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டான், நம் ஊர் என்றால் இந்நேரம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதி கொடுத்திருப்பார்கள். கொடுத்திருப்பார்கள்தான். பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் என்ன கேட்பார்கள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இந்த ரயிலின் மௌனத்துக்காகவே நான் டிக்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கூடக் கொடுப்பேன்.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில், அப்பாவோடு முதல்முறையாக மதுரைக்கு ரயிலில் போனேன். போடியிலிருந்து உசிலம்பட்டி வழியாக வரும் பாசஞ்சர். எங்கள் ஊர் உசிலம்பட்டிக்குக் கிழக்கே, வானம் பார்த்த பூமி. அப்பா பெயர் கருப்பன். அன்றைக்கு வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். எதிர் பெஞ்சில் இருந்த பெரிய மீசைக்காரர் எங்களைச் சிரித்த முகமாக வரவேற்று, நகர்ந்து உட்கார்ந்து, என் கையில் ஒரு பிடி அவித்த கடலையும் வைத்தார். மழை இல்லாததைப் பேசினார். பருத்தி விலையைப் பேசினார். பிறகு சாவகாசமாக, "ஊர்ல எந்தப் பக்கம்? மேலத் தெருவா?" என்றார். அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "இல்லீங்க, காலனி" என்றார். மீசைக்காரர் கோபப்படவில்லை, திட்டவில்லை. கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி, அங்கிட்டுப் போயி நில்லு" என்றார். எங்களிடமும் அதே டிக்கெட்தான் இருந்தது. அப்பா எழுந்து கதவோரம் போய் நின்றார், நானும் நின்றேன். மதுரை ஜங்ஷன் வரும்வரை அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆள் பேசியதைவிட அந்தச் சிரிப்பைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், யார் கேட்டாலும் உண்மை சொல்வதில்லை என்று. மதுரை செல்லூரில் சாயப் பட்டறையில் நூல் அலசப் போனபோது வேறு ஊர், வேறு தெரு சொல்லித்தான் வாடகைக்கு அறை எடுத்தேன். தறிச் சத்தத்தில் யாரும் அதிகம் தோண்டிக் கேட்கவில்லை. அங்கிருந்து ஒரு லாட்ஜில் சலவை வேலை, பிறகு பம்பாய் ஏஜெண்டு ஒருவர் மூலம் கப்பல். மத்தியதரைக் கடலில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு வட்டமடிக்கும் கப்பல் அது. அடித்தட்டில் சலவைக் கூடம். மேலே அவர்கள் படுத்து எழுந்த படுக்கை விரிப்புகளைக் கீழே நாங்கள் துவைத்துக்கொண்டிருந்தோம். வெயிலே தெரியாது. ஆனால் என்னைத் தெரு கேட்க ஒருவரும் இல்லை. நான் நன்றாகவே இருந்தேன்.

அங்கேதான் தவமணி வந்து சேர்ந்தான். எங்கள் ஊர் மேலத் தெருக்காரன். அவன் வீட்டுக் கிணற்றடித் தோட்டத்தில்தான் என் அம்மா களை எடுத்தாள், அப்பா மாடு பார்த்தார். ஏழு வயதில் அவன் வரப்பில் நின்றுகொண்டு, "கருப்பா, மாட்டப் பிடிச்சுக் கட்டு" என்று அப்பாவைப் பெயர் சொல்லி அதட்டியதை நான் கேட்டிருக்கிறேன். கிணறு வற்றி, பங்காளிச் சண்டையில் தோட்டமும் கை மாறிப்போய், அதே பம்பாய் ஏஜெண்டின் காலில் விழுந்து கப்பலேறியிருந்தான். முதல் வாரம் முழுக்க வாந்தி. அவன் வாளியைக் கழுவி வைத்தவன் நான். எழுந்து உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்து, "மாப்ள, நீ இல்லேன்னா நான் செத்திருப்பேன்" என்றான். எங்கள் பக்கத்தில் சிநேகிதர்கள் எல்லோருமே மாப்ளதான். டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்றால் நூறு மாப்ள காதில் விழும். ஆனால் அந்தச் சொல் மேலத் தெருவிலிருந்து காலனிக்கு ஒருநாளும் நடந்து வந்ததில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற உறவின் சொல் அல்லவா, வராதுதான். கடலுக்கு நடுவே அது வந்துவிட்டது. நான் கிறுகிறுத்துப் போனேன். அன்றிலிருந்து அவன் ஷிப்டில் பாதியையும் நான்தான் பார்த்தேன். நான் பொங்கிய சோற்றை ஒரே தட்டில் இருவரும் அள்ளித் தின்றோம்.

ரோமில் தவமணிக்கு ஒரு சித்தப்பா இருந்தார். பணக்கார வீடு ஒன்றில் சமையல்காரர். தவமணி சிவித்தாவெக்கியா துறைமுகத்திலிருந்து போன் பண்ணி, தானும் ஒரு ஊர்க்காரச் சிநேகிதனும் கப்பலை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று கேட்டான். ரெண்டு பேருக்கும் வேலை இருக்கிறது, என் அறையிலேயே தங்கிக்கொள்ளலாம், வாங்க என்றார் சித்தப்பா. வாழ்க்கை முழுக்க அடித்தட்டில் துவைத்துக் கிடப்பதா, தரையில் கால் வைப்பதா என்பது எனக்கு அந்த ஒரு பயணத்தில் இருந்தது. அடுத்த முறை கப்பல் அங்கே நின்றபோது, சாயங்காலம் திரும்புவதாகச் சொல்லி அனுமதி வாங்கி இறங்கினோம். பை எடுத்தால் சந்தேகம் வரும் என்று, இருந்த சட்டைகளில் இரண்டிரண்டையும், கால்சட்டையில் இரண்டிரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டோம். நல்ல கோடைக்காலம். ரயிலில் ஏறியதும் வியர்வை ஆறாக ஓடியது. எதிரே குழந்தையோடு இருந்த ஒரு பெண்மணி என்னிடம் உடைந்த ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். வழக்கம்போலத் தலையாட்டினேன். உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெட்டியின் கடைசிக்குப் போய்விட்டார். "மாப்ள, ஒனக்குக் காச்சலான்னு கேட்டுச்சு. நீ ஆமான்னுட்ட" என்று தவமணி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தப் பெண்மணி எழுந்து போனது எங்கள் இருவரையும் விட்டுத்தான், அதனால் கொஞ்சம்கூட வலிக்கவில்லை. ரோம் நெருங்கும்போது அவன், "சித்தப்பா ஏதாச்சும் கேட்டா நான் சொல்லிக்கிறேன், நீ பேசாம இரு" என்றான். எனக்காகப் பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்து அவன் தொடையில் தட்டிக் கொடுத்தேன்.

சித்தப்பா வாசலுக்கே வந்து இருவரையும் கட்டிக்கொண்டார். ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் சின்ன அறை, ஆனால் ஜன்னலில் நிஜமான வெளிச்சம். என் தோளைத் தொட்டு, "என்னா தம்பி, இம்புட்டு ஒல்லியா இருக்கீங்க. கப்பல்ல சோறு போடுறாய்ங்களா இல்லையா?" என்றார். பிறகு, "நம்ம ஊர்ல எனக்குத் தெரியாத பிள்ளையா? யாரு வீடு தம்பி?" என்றார். நான் தவமணியைப் பார்த்தேன். அவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னான்.

"நம்ம கருப்பன் மகன், சித்தப்பா."

"எந்தக் கருப்பன்?"

"நம்ம தோட்டத்துக் கருப்பன்."

"அப்பிடியா" என்றார் சித்தப்பா. என் தோளில் இருந்த கை எடுக்கப்பட்டது எனக்குத் தெரியவில்லை, ஆனால் அதன்பிறகு அது அங்கே இல்லை. "கருப்பன் நல்லாருக்கானா?" என்று கேட்டார். "அப்பா செத்துப் போயிட்டாரு" என்றேன். "அடடா. நல்ல ஒழைப்பாளி" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனார். திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு பிளாஸ்டிக் கப். கப் என் பக்கம் நகர்ந்தது. அறையில் இரண்டு டம்ளர்தான் இருக்கிறது போல என்று நினைத்தேன். அப்படி நினைக்க ரொம்பவும் ஆசைப்பட்டேன். தலைக்கு மேலே அலமாரியில், கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளர் இன்னும் இரண்டு இருந்தன. ரோமாபுரியிலிருந்து, எங்களுக்குத் தனி டம்ளர் வைக்கும் மதுரைக் காளவாசல் டீக்கடை வரைக்கும் எத்தனை கடல், எத்தனை தேசம். அத்தனையையும் தாண்டி அந்த மனிதர் தன் டம்ளர்களைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். காபி நன்றாகத்தான் இருந்தது. குடித்தேன். என் முகத்தில் ஒரு சிரிப்பு இருப்பதைக் கன்னத்துச் சதை வலித்தபோதுதான் கவனித்தேன்.

பிறகு சித்தப்பா என்னைப் பார்க்காமல் தவமணியிடம் பேசினார். வேலை ஒன்றுதான் இருக்கிறதாம். அறையில் இடமும் ஒருவருக்குத்தானாம். "இவன் இன்னிக்குக் கப்பலுக்குப் போகட்டும். பொறகு பாப்போம்" என்றார். போனில் இரண்டு பேருக்கும் இருந்த வேலை, ஒரு காபி கொதிப்பதற்குள் ஒன்றாகிவிட்டது. தவமணி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அறையில் இருந்த நேரம் முழுக்க அவன் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான். ஸ்டேஷன்வரை வழியனுப்ப வந்தான். பிளாட்பாரத்தில் சித்தப்பா இல்லை, ஊர்க்காரர் யாரும் இல்லை. அங்கே என் கையைப் பிடித்து, "மாப்ள, தப்பா நெனைக்காத. அவரு பழைய ஆளு" என்றான்.

"அங்கன வச்சு ஏன்டா மாப்ளன்னு கூப்பிடல?" என்று கேட்டேன்.

அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "அதெப்பிடிடா முடியும்?" என்றான். சித்தப்பாவிடம் அவன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்க்குக்கூட நான் தகுதியில்லாதவன் என்று அப்போது தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

ரயிலில் தனியாகத் திரும்பினேன். இடப்பக்கத்து ஜன்னலில் கடல், கடலில் குளிக்கிற ஜனங்கள். பெட்டியில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் இந்த ரயிலின் மேல் எனக்கு ஆசை வந்தது. பின்னால் வேறொரு கப்பலில் வந்து, யாருக்கும் போன் பண்ணாமல் தனியாக இறங்கி, இந்த ரயிலைத் தேடிப்பிடித்து இதே பாதையில் என் பிழைப்பை வைத்துக்கொண்டது அதனால்தான். தவமணி ரோமில் எங்கேயோ இருக்கிறான். தேடவில்லை.

அன்றைக்கு நான் தனியாகத் திரும்பியபோது, கப்பல் ஏணியின் உச்சியில் ஆட்களைக் கணக்கெடுக்கும் கிரேக்க அதிகாரி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஏணி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "உன் அண்ணன் எங்கே?" என்று கேட்டார். எனக்கு அண்ணன் இல்லை என்றேன். "சலவையில் உன்னோடு இருப்பானே, அவன்" என்றார். அவன் என் அண்ணன் இல்லை, எனக்கு அவன் யாருமே இல்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் சிரித்தார். ஒரே ஊர், ஒரே பாஷை, ஒரே முகம், ஒரே தட்டில் சாப்பாடு, யாரை ஏமாற்றுகிறாய் என்றார். அண்ணனைத் தப்பவிட்ட தம்பிக்கு அந்தப் பருவம் முடியும்வரை எந்தத் துறைமுகத்திலும் இறங்க அனுமதி கிடையாது என்று உத்தரவு போட்டார். கப்பல் கரையில் நிற்கும் பொழுதெல்லாம் என்னை அடித்தட்டில் வைத்து வெளியே பூட்டினார்கள். கருப்பன் மகனையும் மேலத் தெரு தவமணியையும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்று இந்த உலகத்தில் சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான். அதைச் சொல்லித்தான் அவர் என்னைப் பூட்டினார்.