லிப்ட்டுக்குள் ஒரு இயற்பியல் கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை லிப்ட்டில் மாட்டிக்கொண்டேன். கூடவே என் மகள் வித்யா. மேல்மாடி ட்யூஷன் சென்டரில் அவளுக்கு மாதிரித் தேர்வு. தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள்.

வித்யா பத்தாம் வகுப்பு, மலையாள மீடியம். திருவனந்தபுரத்தில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு மலையாளம் பேசத்தான் வரும்; எழுத்து தெரியாது. அதனால் இயற்பியல், வானியல் பயிற்சிக் கேள்விகளை அவளே தமிழ் எழுத்தில் எழுதித் தருவாள். சாயங்காலமானால் எங்கள் வலியசாலைத் தெருவுக்கே கேட்கும்படி நான் வாசிப்பேன்; அவள் பதில் சொல்வாள். நிலவின் ஒரே பக்கம் மட்டும் ஏன் தெரிகிறது? சூரிய கிரகணம் எப்போது வரும்? பாதி புரியாது. வாசிக்க என்ன கஷ்டம்?

அன்று லிப்ட் பாதி ஏறியதும் கரண்ட் போனது. இருட்டு. அவசர மணி அடிக்கவில்லை, போனில் சிக்னல் இல்லை. பயத்தில் எல்லாப் பட்டனையும் அமுக்கினேன்.

வித்யா கூப்பிட்டுப் பார்த்தாள். மெல்லிய குரல்... கதவைத் தாண்டவில்லை.

"பேடிக்காதீங்கப்பா. நீங்க ஒரு சத்தம் போடுங்க, வாட்ச்மேன் வருவாரு."

நானா? பஸ்ஸில் 'ஆள் இறங்கணும்' என்று சொல்லக் கூசி, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவன் நான். வாயைத் திறந்தேன் — காற்றுதான் வந்தது.

"போச்சுப்பா, பரீட்சை போச்சு." அழ ஆரம்பித்தாள்.

அழுகிற பிள்ளையை எப்படித் தேற்றுவது? அவள் பையிலிருந்த கேள்விகளை எடுத்து, போன் வெளிச்சத்தில், வீட்டுக் குரலில் வாசித்தேன்.

"லிப்டின்டெ கம்பி பொட்டி நிர்பாத பதனத்திலாயால், உள்ளிலுள்ள ஆளுடெ பாரம் எத்ர?"

கம்பி அறுந்தால் உள்ளே இருப்பவர் எடை எவ்வளவு என்பது வரை புரிந்தது. மற்றது?

"நிர்பாத பதனம்னா என்னம்மா?"

"தடையில்லாம கீழ விழறதுப்பா."

தலைக்கு மேலே ஏதோ கிறீச்சிட்டது. பயம் கூடினால் எனக்குக் குரலும் கூடும் என்று அன்றுதான் தெரிந்தது. வேறு கேள்வி கண்ணில் படவில்லை. அதையே மறுபடி உரக்க வாசித்தேன். மறுபடியும்.

கதவுக்கு வெளியே ஒரு பெண் குரல்: "பூஜ்யம்."

அப்புறம், உள்ளே யாரென்ற சந்தேகத்தில், "ஆரா அகத்து?"

"நாங்க மாட்டிக்கிட்டோம்" என்றாள் வித்யா, கதவிடுக்கில் வாயை வைத்து. ஓடும் காலடிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் கதவைத் திறந்தார். என்னையும் கையிலிருந்த தாளையும் பார்த்தார்.

"இதினகத்தும் ட்யூஷனோ அண்ணாச்சி?"

வித்யா நிற்கவில்லை. படியில் ஓடி, கதவை மூடும் நேரத்தில் உள்ளே நுழைந்துவிட்டாளாம்.

உயிர் போகிற பயத்திலும் உதவி கேட்க வராத வாய், கேள்வி கேட்க மட்டும் வந்தது. பரவாயில்லை... பதில் வந்ததே.