ஏலோஃப் சொன்னதைக் கேட்டவள்

வடகோடியில் இருக்கும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர், கண் செருகுவதற்கு முன்பு கடைசியாகக் கேட்டது ஹில்லெவியின் குரலைத்தான். மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் அவள். மேற்பார்வைக்கு டாக்டர் உண்டு. ஆனால் வாரத்துக்கு ஒருவராகத் தெற்கிலிருந்து விமானத்தில் வருவார், அவர் பெயர் எங்கள் வாயில் நுழைவதற்குள் கிளம்பிவிடுவார். தலைமாட்டில் உட்கார்ந்து, தாடையை விரலால் தூக்கிப் பிடித்து, அடுத்தவர் மூச்சுக்குக் காவல் இருந்தது ஹில்லெவிதான், இருபத்திரண்டு வருடமாக. நான் தூரா. அதே அறையில் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவள்.

அவளுக்கு இயந்திரங்கள் மேல் நம்பிக்கை குறைவு. "அந்தப் பொட்டி கத்துறதுக்குள்ள காது மடல் நீலமாயிடும், நான் காதைத்தான் பாப்பேன்" என்பாள். ஒரு தடவை அவசரக்கார டாக்டர் ஒருவர் அவள் சரி சொல்வதற்கு முன்பே கத்தியை எடுத்தார். கையுறைப் பெட்டியால் அவர் முழங்கையில் ஒன்று வைத்தாள். அந்த மனிதர் அடுத்த நாள் அவளுக்குக் கேக் வாங்கி வந்தார்.

ஒரு பிப்ரவரி மாதம் ஏலோஃப் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தான். மர லாரி ஓட்டுகிறவன், ஐம்பத்தெட்டு வயது, பள்ளியில் ஹில்லெவியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"அப்போ என் சட்டைக்குள்ள ஐஸ் போட்ட. இன்னைக்குக் கழுத்தையே புடிக்கப் போறியா?" என்றான்.

"பேசாமப் படுடா. காலைல என்ன உள்ள போச்சு?"

"என்னத்தப் போகும்? ஆறு மணிக்கு ஒரு காபி. எம்பொண்டாட்டி அவுனே அதுல நாலு துண்டு சீஸ் போட்டுக் குடுத்தா. அதோட பட்டினி."

"இந்த வயித்த வெச்சுக்கிட்டுப் பட்டினியாம்!" என்று சிரித்துக்கொண்டே, தாளில் 'காபி, ஆறு மணி' என்று எழுதினாள். நானும் சிரித்தேன். அப்போது மணி எட்டரை.

எங்கள் ஆற்றங்கரையில் காபிக்குள் சீஸ் துண்டுகளைப் போட்டு ஊறவைத்து, குடித்து முடித்ததும் கரண்டியால் எடுத்துத் தின்போம். பிறந்ததிலிருந்து செய்வது. சர்க்கரையை யாராவது சாப்பாடு என்பார்களா? அப்படித்தான் இதுவும். வெறும் காபி என்றால் இரண்டு மணி நேரம் போதும், கெட்டியாக எது தின்றாலும் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தெற்கத்தி டாக்டர் அங்கே நின்றிருந்தால் சீஸ் என்ற அந்த ஒரு வார்த்தைக்கே ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருப்பார். எங்கள் இருவர் காதிலும் அது விழுந்தது, உறைக்கவில்லை.

மருந்து ஏறிய இரண்டாவது நிமிடம் அவன் வயிற்றில் இருந்தது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கியது. ஹில்லெவி தலையைத் திருப்பினாள், குழாய் விட்டு உறிஞ்சினாள், டாக்டரைக் கூப்பிட்டாள். ஒன்றிலும் தவறவில்லை, ஒரு விநாடிகூட வீணாக்கவில்லை. குழாயில் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள் வந்தன. அதைப் பார்த்ததும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கை மட்டும் வேலையை நிறுத்தவில்லை.

பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். பத்தாம் நாள் செத்துப்போனான்.

விசாரணை நடந்தது. தெற்கிலிருந்து வந்தவர்கள் எழுதிய அறிக்கையில், நோயாளி அறிவுரையை மீறி உணவு உண்டுவிட்டு அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்று ஒரு வரி இருந்தது. அவன் மறைக்கவில்லை. என் கண் முன்னால் படுத்துக்கொண்டு வாய் நிறையச் சொன்னான்.

"நான் போய் உண்மையச் சொல்லிடறேன்" என்றாள் ஹில்லெவி.

"சொன்னா அவன் எந்திரிச்சு வந்துடுவானா?" என்றேன் நான். "வாய மூடிக்கிட்டு இருடி. உன் வேலையும் போவும், என் வேலையும் போவும். யாருக்கு என்ன லாபம்?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். வேலைக்கு வந்தாள். ஒவ்வொரு நோயாளியிடமும் காபியில் என்ன கிடந்தது, கரண்டி போட்டுச் சாப்பிட்டாயா, எத்தனை துண்டு என்று துருவித் துருவிக் கேட்டாள். ஜனங்கள் கேலி செய்தார்கள். இளைத்துப் பாதியாகிவிட்டாள்.

அடுத்த ஜனவரியில் கடையில் ரொட்டி வாங்கும்போதுதான் தெரிந்தது. ஏலோஃபின் மகள் வெண்ட்லா அம்மாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாளாம். ஆஸ்பத்திரித் தாளில் ஒன்றும் தின்னக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தும் நீதானே கொடுத்தாய், நீதான் அப்பாவைக் கொன்றாய் என்று சொல்லிவிட்டாளாம். கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. ஹில்லெவி ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு, "காரை எடு, அவுனே வீட்டுக்குப் போவணும்" என்றாள்.

அவுனே எங்களைச் சமையலறையில் உட்கார வைத்தாள். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் இப்போது காபியே போடுவதில்லை என்றாள், மன்னிப்புக் கேட்பது போல. ஹில்லெவி சுற்றி வளைக்கவில்லை.

"அவன் எங்கிட்டச் சொன்னான் அவுனே. சீஸ் தின்னேன்னு தெளிவாச் சொன்னான். நான் காதுல வாங்கல. வாங்கியிருந்தா மத்தியானம் வரைக்கும் படுக்க வெச்சுட்டு அப்புறம் செஞ்சிருப்போம். பொழச்சிருப்பான். நீ ஒண்ணும் பண்ணல."

அவுனே மேஜை விரிப்பை நீவினாள்.

"வேணாம்னுதான் சொன்னார். நான்தான் பசியோட போறாரேன்னு போட்டேன்" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "பதினோரு மாசம். பதினோரு மாசமா உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவுனே எழுந்து தொலைபேசியில் எண்களைச் சுழற்றி, ரிசீவரை நீட்டினாள். "எம்பொண்ணு. நான் பேசுனா வெச்சுடுவா. நீ சொல்லு."

ஹில்லெவி நின்றுகொண்டே மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டது. ஹில்லெவி ரிசீவரை அவுனேயிடம் கொடுத்து, "உன்னைக் கேக்குறா" என்றாள். அவுனே அதைக் காதில் வைத்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அழாத கண்ணு, அழாத" என்று அவள்தான் அழுதாள்.

பேசி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹில்லெவியைப் பார்த்தாள். "காது கேக்காமப் போனதுக்கு உன்னை மன்னிச்சுடுவேன். நானும் இந்த ஊர்க்காரிதானே. இந்தப் பதினோரு மாசத்துக்கு மன்னிக்க மாட்டேன். ஏன்டி சொல்லல? யாரு தடுத்தா உன்னை?"

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

"யாரும் தடுக்கல" என்றாள் ஹில்லெவி. "எனக்குத் தைரியம் இல்ல."

"போ. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்றாள் அவுனே. பிறகு என் பக்கம் திரும்பி, கூட்டிக்கொண்டு வந்ததற்காக என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நான் வாங்கிக்கொண்டேன்.