நாங்கள் அடைத்த ஊற்று

கடல் தாண்டி வந்து, தெல்தெனியப் பக்கம் மலையில் ஒரு கோப்பித் தோட்டத்தில் நாங்கள் கிணறு வெட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். அப்போது என் மனைவிக்கு நிறைமாதம். ஆற்றிலிருந்து குடத்தோடு மேடேறி, தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். பிள்ளை பிறப்பதற்குள் பக்கத்திலேயே தண்ணீர் வரவேண்டும். எனக்கு அது ஒன்றே கவலை.

நானும் அவள் அண்ணனும் அரியலூர்ப் பக்கத்தில் கிணறு வெட்டியவர்கள். அங்கே எவ்வளவு தோண்டினாலும் மண்தான். களிமண், மணல், சுண்ணாம்பு, நடுவே கல்லாகிப்போன கடற்சிப்பி. கடலோ வெகுதூரம். மேல் ஊற்று உவர்க்கும். அதைக் களிமண் அப்பி அடைத்துவிட்டு, சிப்பிக்குக் கீழே நல்ல தண்ணீர் தேடுவோம்.

மலைநாட்டில் உடனே பாறை தட்டும் என்று பயந்திருந்தேன். ஆனால் எங்களை வேலை வாங்கும் கங்காணி காட்டிய பள்ளத்தில் கறுப்பு மண், மணல், கூழாங்கல் என்று அடுக்கடுக்காக வந்தது. கூழாங்கல்லில் நீர் கசிந்தது.

“நம்ம ஊரு மண்ணேதான் மாப்புள! அடைச்சுட்டுக் கீழ போவோம், சிப்பி வரும்,” என்றார் மச்சான்.

அடைத்தோம். அழுகிய இலை கலந்த களிமண் வந்தது. பிறகு கடப்பாரை ‘ணங்’ என்றது. பாறை. சிப்பியும் இல்லை, தண்ணீரும் இல்லை.

கங்காணி எட்டிப் பார்த்தார். “தண்ணிக்குத் தோண்டுறீங்களா, ஊருக்குத் திரும்பிப் போக வழி தோண்டுறீங்களா?”

நான் குனிந்து பாறையைத் தட்டிப் பார்த்தேன். இந்தப் பள்ளத்தை மழை மண்கொண்டு நிரப்பியிருக்கிறது, அடியில் பாறை. அப்படியானால் எங்கள் ஊருக்கு அடியிலும் பாறை உண்டா? கடல் வந்து நிரப்பிப்போன பெரும்பள்ளமா எங்கள் ஊர்? ஒன்றும் பிடிபடவில்லை.

லயத்துக்குப் போய்ச் சொன்னதும் மனைவி கேட்டாள்: “ஏங்க, மேல கசிஞ்ச தண்ணி உப்பாவா இருந்துச்சு?”

நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்தோம். இருவருமே வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

“இத முன்னாடியே கேக்குறதுக்கு என்ன புள்ள?” என்றார் மச்சான்.

“புள்ளத்தாச்சி கெணத்துக்கிட்ட வரக்கூடாதுன்னு வெரட்டுனது யாருண்ணே?”

ஊற்றை அடைத்த களிமண்ணைப் பெயர்த்தோம். நீர் சுவரோரம் வழிந்து பாறைமேல் தேங்கியது. தேங்காய்த் தண்ணீர்போல ருசி.

மகள் பிறந்து முதலில் குளிப்பாட்டியது அந்தத் தண்ணீரில்தான். அன்றைக்கும் மச்சான் தோண்டிப்போட்ட மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“சிப்பி இல்லாம எப்புடி மாப்புள நல்ல தண்ணி?”

எனக்கும் தெரியவில்லை.